1928-ல் 2.6, 1932-ல் 37.3: நடுவில் உடைந்தது எது?

ஏடுபுரட்டி | #1

பாசிசத்துக்கு ஐரோப்பாவில் ஏன் இவ்வளவு மக்கள் ஆதரவு கிடைத்தது என்று கேட்டால் பதில் ஒரே மூச்சில் வரும்: வெர்சாய் அவமானம், கூடை நிறையப் பணம் கொண்டுபோய் ரொட்டி வாங்கிய பணவீக்கம், வேலையின்மை, ஹிட்லரின் நாக்கு. நான்கையும் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு வாரியாக அடுக்கினால் இடிக்கிறது.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமீது திணித்த வெர்சாய் ஒப்பந்தம் 1919 ஜூன். பணவீக்கத்தின் உச்சம் 1923 நவம்பர், அப்போது ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். இரண்டும் நடந்து முடிந்தபின், 1928 மே 20 தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கியது 2.6 விழுக்காடு, 12 இடம். உதிரிக் கட்சி. 1930 செப்டம்பர் 14-ல் அதுவே 18.3 விழுக்காடு, 107 இடம். 1932 ஜூலை 31-ல் 37.3 விழுக்காடு, 230 இடம். பேச்சாளர் அதே ஆள், பேச்சும் ஏறக்குறைய அதே பேச்சு. கேட்டவர்கள்தான் மாறினார்கள்.

யாரிடமிருந்து அந்த வாக்குகள் வந்தன என்று பாருங்கள். முடியாட்சி ஆதரவு ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி 1924 டிசம்பரில் 20.5, 1928-ல் 14.2, 1930-ல் 7.0. தொழில் முதலாளிகளும் உயர் அதிகாரிகளும் ஆதரித்த ஜெர்மன் மக்கள் கட்சி 1928-ல் 8.7, 1932 ஜூலையில் 1.2. தாராளவாத ஜனநாயகக் கட்சி 1919-ல் 18.5 வாங்கியது, 1928-லேயே 4.9-க்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் கத்தோலிக்க மையக் கட்சியோ 1928, 1930, 1932 ஜூலைத் தேர்தல்களில் 12.1, 11.8, 12.5 என்று அசையவே இல்லை. சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து 40.4-லிருந்து 35.9-க்கு இறங்கின. சரிவுதான், ஆனால் வலப்பக்கம் இடிந்ததுபோல் இடியவில்லை.

இதோடு வாக்குப்பதிவு 75.6-லிருந்து 84.1 விழுக்காடாக ஏறியது. அதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் பலர் வந்தார்கள்.

என் வாதம் இதுதான். நாஜிகள் பூட்டை உடைத்து நுழையவில்லை. நடுத்தர வர்க்கமும் சீர்திருத்தத் திருச்சபை (புராட்டஸ்டன்ட்) விவசாயிகளும் தங்கள் பழைய கட்சிகளை விட்டு முன்பே வெளியேறியிருந்தார்கள். காலியாகக் கிடந்த வீட்டில் இவர்கள் குடியேறினார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

சந்தேகி | #2

அப்படியானால் பணவீக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? வாழ்நாள் சேமிப்பு காகிதமாகிப் போனவன் ஐந்து வருடத்தில் மறந்துவிடுவானா?

கணக்குப்பிள்ளை | #3

மறக்கவில்லை. கோபம் வேறு வாசல் வழியாகப் போனது, அவ்வளவுதான். பணவீக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1925-ம் ஆண்டின் மறுமதிப்பீட்டுச் சட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

புது நாணயம் வந்தபோது ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு மார்க். பழைய கடன்களை என்ன செய்வது? அடமானக் கடனுக்கு முகமதிப்பில் 25 விழுக்காடு, அரசுக் கடன் பத்திரத்துக்கு 2.5 விழுக்காடு என்று சட்டம் போட்டார்கள். போருக்கு முன் 10,000 மார்க்கை வீட்டு அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவருக்கு 2,500. அதே 10,000-ஐ நாட்டுப்பற்றோடு போர்க்கடன் பத்திரத்தில் போட்டவருக்கு 250. கடன் வாங்கிப் பெருநிலமும் ஆலையும் வைத்திருந்தவர்களுக்கு இதே சட்டம் லாபம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், விதவை, சின்னக் கடைக்காரர் எல்லாரும் நஷ்டத்தில்.

கவனிக்க வேண்டியது, 1924 தேர்தலில் “முழு மதிப்பும் திருப்பித் தருவோம்” என்று வாக்குக் கேட்டது ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி. 1925-ல் அந்தச் சட்டம் வந்தபோது அமைச்சரவையில் உட்கார்ந்திருந்ததும் அதே கட்சி. சேமிப்பாளர்கள் அடுத்த தேர்தலில் ஹிட்லரிடம் ஓடவில்லை. சிறுவணிகர், வீட்டுச் சொந்தக்காரர் நலனுக்கென்றே இருந்த பொருளாதாரக் கட்சிக்கு 1928-ல் 4.5 விழுக்காடு, 23 இடம் கொடுத்தார்கள். மறுமதிப்பீட்டை மட்டுமே கோரிக்கையாக வைத்த கட்சிக்கும் இரண்டு இடம் கிடைத்தது. 1930-க்குப் பின் அவையும் கரைந்தன. ஏடுபுரட்டி சாரின் காலி வீட்டுக்கு இது ஒரு திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாவலில் நாஜியிடம் போனவர்கள் குறைவு. முதலில் பெரிய கட்சியிலிருந்து உதிரிக் கட்சி, அங்கிருந்து நாஜி.

இரண்டாவது, வேலையின்மை. 1932 தொடக்கத்தில் பதிவான வேலையற்றோர் 60 லட்சம். “வேலை போனவன் நாஜிக்குப் போட்டான்” என்று எழுதுகிறார்கள். தொகுதிவாரியாகப் பகுத்தவர்கள் கண்டது ஏறக்குறைய தலைகீழ். வேலையிழந்த தொழிலாளி கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்தார். 1928-ல் 10.6 இருந்த கம்யூனிஸ்ட் வாக்கு 1932 நவம்பரில் 16.9 ஆனது அதனால்தான். நாஜிக்குப் போட்டவர்களில் அதிகம், இன்னும் கையில் ஏதோ வைத்திருந்து அது போய்விடும் என்று பயந்தவர்கள்: சொந்தத் தொழில் செய்தவர், சின்ன நிலக்காரர், கடை வைத்தவர், குமாஸ்தா.

பயத்தை ஊட்டியது அரசே. 1927-ல் வந்த வேலையின்மைக் காப்பீட்டின் சந்தா ஊதியத்தில் 3 விழுக்காடு. சந்தாவை 3.5-லிருந்து 4 ஆக்கலாமா என்ற தகராறில் 1930 மார்ச்சில் பிரதமர் ஹெர்மன் முல்லரின் பெருங்கூட்டணி கவிழ்ந்தது. அரை விழுக்காடு! அதன்பின் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட அரசு வைமார் ஜெர்மனியில் (ஹிட்லருக்கு முந்தைய குடியரசில்) இல்லை. அடுத்து வந்த பிரதமர் ப்ரூனிங் அரசியல் சட்டத்தின் 48-ம் பிரிவின்கீழ் அவசரச் சட்டங்களாலேயே ஆண்டார். 1930-ல் ஐந்து, 1931-ல் 44. எந்தச் சந்தாவை அரை விழுக்காடு ஏற்ற மாட்டோம் என்று ஆட்சியைக் கவிழ்த்தார்களோ, அதை அந்த ஆண்டு முடிவதற்குள் 6.5 ஆக்கினார்கள். 1931 டிசம்பர் அவசரச் சட்டம் கூலியை 1927 ஜனவரி நிலைக்கு வெட்டியது. அரசு ஊழியர் சம்பளத்தைத் தவணை தவணையாகக் குறைத்தார்கள். விலை குறைந்தால் ஏற்றுமதி கூடும் என்பது கணக்கு. விலை குறைந்தது, கடன் குறையவில்லை. அடமானம் வைத்தவனுக்குப் பணவாட்டம் என்றால் கடன் வளர்கிறது என்று பொருள்.

வடகடல் | #4

கணக்குப்பிள்ளை சொன்ன கடைசி வரிக்கு ஒரு மாகாணமே சாட்சி. ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைனில் நாஜி வாக்கு 1928-ல் 4.0, 1930-ல் 27.0, 1932 ஜூலையில் 51.0. நாட்டிலேயே பாதியைத் தாண்டிய ஒரே தேர்தல் வட்டம். இத்தனைக்கும் 1919-ல் தாராளவாதிகளும் சமூக ஜனநாயகவாதிகளும் ஓங்கியிருந்த மண் அது.

மேற்குக் கரையின் சதுப்புநிலப் பகுதியில், குறிப்பாக டித்மார்ஷெனில், தொழில் மாடு கொழுக்க வைப்பது. வசந்தத்தில் கடன் வாங்கி இளைத்த மாடு வாங்குவார்கள். கோடை முழுக்க மேய்த்து இலையுதிர் காலத்தில் விற்பார்கள். வாங்கும்போது இருந்த விலை விற்கும்போது சரிந்தால் வட்டிகூடத் தேறாது. 1926, 1927-ல் அதுதான் நடந்தது. அடுத்து பன்றி விலையும் விழுந்தது. வரியும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவும் மட்டும் குறையவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடி தொடங்கியது 1929-ல். இவர்களுக்கு இரண்டு ஆண்டு முன்பே வந்துவிட்டது.

1928 ஜனவரி 28-ல் மாகாணம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். கட்சி எதுவும் கூட்டவில்லை. அவர்களே அதற்கு நாட்டுப்புற மக்கள் இயக்கம் என்று பெயர் வைத்தார்கள். கறுப்புக் கொடி, அதில் வெள்ளை ஏரும் சிவப்பு வாளும். அந்த நவம்பரில் பைடன்ஃப்ளேத் கிராமத்தில் வரிப் பாக்கிக்காக இரண்டு மாடுகளை ஜப்தி செய்து ஓட்டிப்போனபோது ஊரார் சாலையில் வைக்கோலைக் கொளுத்தினார்கள். நெருப்பைப் பார்த்து மிரண்ட மாடுகள் தொழுவத்துக்கே திரும்பி ஓடின. வழக்கு, கைது, அதற்கு எதிர்ப்பு என்று வளர்ந்தது. 1929 ஆகஸ்டில் நாய்மூன்ஸ்டர் நகரில் போலீஸ் அந்தக் கொடியைப் பறித்ததற்காக அந்த ஊரையே மாதக்கணக்கில் புறக்கணித்தார்கள். ஒரு சாரார் வரி அலுவலகங்களில் வெடிகுண்டு வைக்கவும் ஆரம்பித்தார்கள்.

நாஜிகள் இதில் செய்த காரியம் கெட்டிக்காரத்தனமானது. வெடிகுண்டிலிருந்து பகிரங்கமாக விலகி நின்றார்கள், நாங்கள் சட்டப்படி நடப்பவர்கள் என்றார்கள். குண்டு வைத்த தலைவர்கள் சிறைக்குப் போனதும் தலையில்லாமல் நின்ற ஊர்களில் கிளை திறந்தார்கள். 1929 மார்ச் 7-ல் வோர்டன் கிராமத்தில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த மோதலில் தங்கள் படையினர் இருவர் செத்ததை மாகாணம் அறிய இழவு கொண்டாடினார்கள், ஹிட்லரே அடக்கத்துக்கு வந்தார். 1930-ல் வால்ட்டர் டாரே கட்சியின் வேளாண் பிரிவை அமைத்து ஊர் ஊராக ஆள் போட்டார். அவர்கள் புதுச் சங்கம் தொடங்கவில்லை. இருக்கிற விவசாயச் சங்கத்திலும் வேளாண் மன்றத்திலும் போட்டியிட்டு உள்ளே போனார்கள். 1932 ஏப்ரல் குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் நாட்டின் மிகப்பெரிய விவசாயிகள் அமைப்பான நிலச் சங்கம் ஹிட்லருக்கு வாக்குக் கேட்டது. எதிரே நின்ற குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நிலச்சுவான்தார் வர்க்கத்தின் மனிதர் என்பதையும் மறக்கக் கூடாது.

சந்தேகி | #5

நல்ல விவரம். ஆனால் விலைச் சரிவு கத்தோலிக்க விவசாயிக்கும்தானே? பவேரியாவில் மாடு விலை விழவில்லையா? கட்சியே பிறந்த ஊர் மியூனிக்.

ஏடுபுரட்டி | #6

விழுந்தது. அதனால்தான் விலை மட்டும் காரணமாகாது என்கிறேன். 1932 ஜூலையில் மேல் பவேரியா-ஸ்வாபியா வட்டத்தில் நாஜிக்கு 27.1. அதே பவேரிய மாநிலத்தில் சீர்திருத்தத் திருச்சபையினர் நிறைந்த ஃபிராங்கோனியாவில் 39.9. கொலோன்-ஆகனில் 20.2. கட்சித் தலைமையகம் இருந்த வட்டத்தைவிட எங்கோ வடகடல் ஓரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆதரவு.

கத்தோலிக்கருக்குக் கட்சி என்பது தேர்தலன்று மட்டும் நினைவுக்கு வருவது அல்ல. விவசாயச் சங்கம், தொழிலாளர் சங்கம், கூட்டுறவு வங்கி, செய்தித்தாள், மாதர் சங்கம் எல்லாம் திருச்சபையோடு பின்னியிருந்தன. 1930-ல் மைன்ஸ் மறைமாவட்டம் நாஜிக் கட்சியில் சேரக் கூடாது என்று அறிவித்தது, மற்ற ஆயர்களும் 1931-ல் எச்சரித்தார்கள். அந்தத் தடையை ஆயர்கள் விலக்கிக்கொண்டது 1933 மார்ச் 28, ஹிட்லர் பதவிக்கு வந்தபின்.  வேலி கட்டியவர்களே பிரித்தார்கள்.

சீர்திருத்தத் திருச்சபை விவசாயிக்கு அந்த வேலி இல்லை. 1918-ல் அரசர் போனதும் அவருடைய திருச்சபையின் தலைமையும் போனது. அவருடைய கட்சி தலைநகரில் சுங்கவரி பேரம் பேசிக்கொண்டிருந்தது.

பெண்கள் பற்றிக் கேட்பீர்கள். சில ஊர்களில் ஆண், பெண் வாக்குகளைத் தனித்தனியாக எண்ணியதால் இது தெரியும். தொடக்கத்தில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே நாஜிக்குப் போட்டார்கள். 1932, 1933-ல் அந்த இடைவெளி மூடியது. “பெண்கள்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள்” என்ற கதைக்கு எண்ணிக்கையில் ஆதாரம் இல்லை.

மகிழம்பூ | #7

எல்லாரும் ஜெர்மனியிலேயே நிற்கிறீர்கள். பாசிசம் என்ற சொல் பிறந்த நாடு இத்தாலி, அங்கே இந்தக் காலி வீட்டுக் கதை சரியாகப் பொருந்தாது.

1919 மார்ச் 23-ல் மிலானில் இயக்கம் தொடங்கியது. அந்த நவம்பர் தேர்தலில் மிலானில் முசோலினியின் பட்டியலுக்கு 5,000 வாக்குகூடக் கிடைக்கவில்லை. சோசலிஸ்டுகள் நாடு முழுக்க 32 விழுக்காடு, 156 இடம். 1920 முடிவில் பாசிஸ்டு உறுப்பினர்கள் சுமார் 20,000. 1921 முடிவில் இரண்டு லட்சத்துக்கும் மேல். இந்த ஓராண்டில் வளர்ந்த இடம் நகரமல்ல, போ நதிச் சமவெளி: ஃபெராரா, போலோன்யா, கிரெமோனா. சோசலிஸ்டுகள் நாட்டிலேயே வலுவாக இருந்த மாவட்டங்கள் இவைதான். 1920 இலையுதிர் கால உள்ளாட்சித் தேர்தலில் 8,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் 2,000-க்கும் மேல் அவர்கள் கைக்குப் போயிருந்தன. இதைக் காலி வீடு என்று எப்படிச் சொல்வது? நிறைந்த வீடு.

அங்கே நிலக் கூலிகளின் சங்கத்துக்கு இரண்டு ஆயுதங்கள். ஒன்று, வேலைக்கு ஆள் எடுப்பது சங்க அலுவலகம் வழியாக மட்டுமே. இரண்டு, இத்தனை எக்டேர் நிலத்துக்கு இத்தனை ஆள் என்று கட்டாய ஒதுக்கீடு. குளிர்காலத்தில் வேலையில்லாமல் பட்டினி கிடந்த கூலிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே விதி விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுதவர்மீதும் சிறு குத்தகைக்காரர்மீதும் பாய்ந்தது. அறுவடையில் பக்கத்து வீட்டோடு கைமாற்றாக வேலை செய்துகொள்வது அவர்கள் வழக்கம். அதைச் சங்கம் தடுத்தது, கூலியாள் வைத்தே ஆக வேண்டும் என்றது. மீறினால் அபராதம், ஊர் விலக்கு. மேலே நிலச்சுவான்தார், கீழே சங்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. போருக்குப் பின் இவர்களில் பலர் சிறு துண்டு நிலம் வாங்கியிருந்தார்கள். சோசலிஸ்ட் கட்சியோ நிலமெல்லாம் பொதுவுடைமை என்று முழங்கிக்கொண்டிருந்தது. இப்போதுதான் பத்திரம் பதிந்தவன் காதில் அது எப்படி விழும்?

1920 நவம்பர் 21, போலோன்யா நகராட்சியில் சோசலிஸ்ட் நிர்வாகம் பதவியேற்ற அன்று கலவரம், பலர் செத்தார்கள். அதன்பின் லாரிகளில் பாசிஸ்டுகளின் கறுப்புச் சட்டைப் படைகள். நிலச்சுவான்தார் பணம், ராணுவத்திலிருந்து திரும்பிய இளம் அதிகாரிகள், கல்லூரி மாணவர்கள். இரவில் ஊருக்குள் வந்து சங்கக் கட்டடத்தைக் கொளுத்துவது, தலைவரை இழுத்து வந்து தடியால் அடிப்பது, வலுக்கட்டாயமாக விளக்கெண்ணெய் குடிக்க வைப்பது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. போலோன்யா ஆட்சியர் சேசரே மோரி படைகளை அடக்க முயன்றார். 1922-ல் பாசிஸ்டுகள் அவர் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். அரசு என்ன செய்தது? மோரியை இடம் மாற்றியது.

அடுத்து நடந்ததுதான் ஆதரவு என்ற சொல்லையே சிக்கலாக்குகிறது. சங்கம் எரிந்தபின் பாசிஸ்டுகள் தங்கள் தொழிற்சங்கத்தைத் திறந்தார்கள். நிலச்சுவான்தார் அதன் வழியாக மட்டுமே ஆள் எடுத்தார். கூலிகள் ஊர் ஊராக அதில் சேர்ந்தார்கள், வேறு வழியில்லை. ஃபெராராவில் 1921 தொடக்கத்தில் உழுபவருக்கு நிலம் என்று அறிவித்துச் சில துண்டுகளைப் பிரித்தும் கொடுத்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கையை அப்படியே மக்கள் ஆதரவு என்று படிக்கக் கூடாது. அதில் நம்பிக்கையும் இருக்கிறது, அடியும் இருக்கிறது, வயிறும் இருக்கிறது.

ஏடுபுரட்டி | #8

மகிழம்பூ மேடம், ஒப்புக்கொள்கிறேன். இத்தாலியில் சோசலிஸ்ட் வீடு நிறைந்திருந்தது, அதைத் தீ வைத்துத்தான் காலி செய்தார்கள். ஆனால் நீங்கள் சொன்ன வாரக் குடியானவருக்கும் சிறு குத்தகைக்காரருக்கும் வீடு இருந்ததா? பழைய தாராளவாதக் கட்சிகள் ஊருக்கு ஒரு பிரமுகரை வைத்து நடத்திய கடைகள். 1919-ல் விகிதாச்சாரத் தேர்தல் வந்ததும் அவை சிதறின. என் வாதத்தைத் திருத்திச் சொல்கிறேன்: இடதுசாரிக்கும் திருச்சபைக்கும் வெளியே இருந்தவர்கள்தான் இரு நாட்டிலும் பாசிசத்தின் முதல் தளம். பாசிஸ்டுகளால் தொட முடியாத இடதுசாரி, திருச்சபைக் கூட்டத்தை ஜெர்மனியில் ஒதுக்கி வைத்தார்கள், இத்தாலியில் அடித்து உடைத்தார்கள்.

தராசு | #9

இந்த இடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். 1920 பொதுவாக்கெடுப்பில் ஷ்லெஸ்விக் இரண்டாகப் பிரிந்தது, வடபாதி டென்மார்க்குக்கு. அதே மண், அதே மாடு, அதே பன்றி, அதே சீர்திருத்தத் திருச்சபை. தெற்கே 51 விழுக்காடு. டென்மார்க் நாஜிக் கட்சிக்கு 1935-ல் நாடு முழுவதும் 1 விழுக்காடு, இடம் எதுவும் இல்லை. 1939-ல் 1.8 விழுக்காடு, 3 இடம்.

வித்தியாசம் என்ன? டென்மார்க் விவசாயிக்கு வென்ஸ்த்ரே என்ற சொந்தக் கட்சி 19-ம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பாலுக்கும் பன்றி இறைச்சிக்கும் கூட்டுறவு உண்டு. 1933 ஜனவரி 30-ம் தேதி கோபன்ஹேகனில் பிரதமர் ஸ்டௌனிங்கின் வீட்டில், அந்தத் தெருவின் பெயராலேயே அழைக்கப்படும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமூக ஜனநாயகக் கட்சி நாணய மதிப்பைக் குறைக்கவும் விவசாயிக்குக் கடன் நிவாரணம், விலை ஆதரவு கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு விவசாயக் கட்சி வேலைத் திட்டத்துக்கும் சமூகக் காப்பீட்டுச் சீர்திருத்தத்துக்கும் வழிவிட்டது. அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் பதவியேற்றார். சில மாதங்களில் சுவீடனிலும் இதே மாதிரி ஒரு பேரம் நடந்தது, அதை அங்கே மாட்டு வியாபாரம் என்றே கேலியாகச் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை | #10

ஜெர்மனியில் அந்தப் பேரத்துக்குச் சரக்கு இருந்தது, விற்க ஆள் இல்லை. 1932 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் ஒரு திட்டம் வைத்தன. வொய்டின்ஸ்கி, டார்னோ, பாடே மூவரும் எழுதியது. 200 கோடி மார்க் செலவில் 10 லட்சம் பேருக்குப் பொதுப்பணி. சமூக ஜனநாயகக் கட்சியின் பொருளாதார மூளை ஹில்ஃபர்டிங் எதிர்த்தார், மறுபடி பணவீக்கம் வரும் என்று. 1923-ன் பேய் ஓட்டுப் போட்டவனைவிட நிதியமைச்சர்களைத்தான் அதிகம் ஆட்டியது. அந்த மே மாதம் நாஜிக் கட்சியின் கிரிகோர் ஸ்ட்ராஸர் நாடாளுமன்றத்தில் அரசே வேலை உருவாக்க வேண்டும் என்று பேசினார், ஜூலைத் தேர்தலில் அதைத் துண்டறிக்கையாக்கி ஊரெல்லாம் கொடுத்தார்கள். ப்ரூனிங்கை வீழ்த்தினால் ஹிட்லர் வருவான் என்று பயந்து அவரைப் பொறுத்துக்கொண்ட சமூக ஜனநாயகக் கட்சி, கூலி வெட்டுக்கும் பழி சுமந்தது.

1931 மே மாதம் வியன்னாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி விழுந்தது, ஜூலை 13-ல் ஜெர்மனியின் டானாட் வங்கி. இரண்டாவதை நம்பியிருந்த தொழிற்சாலைகள் உள்ள ஊர்களில் சம்பளமும் வேலையும் அதிகம் விழுந்தன, நாஜி வாக்கும் அங்கே கூடுதலாக ஏறியது. அந்த வங்கியின் தலைவர் யாகோப் கோல்ட்ஷ்மிட் யூதர். பிரச்சாரத்துக்கு அது போதுமாயிருந்தது.

சந்தேகி | #11

யூத வெறுப்பு பற்றிப் பத்துப் பதிவு கழித்துத்தான் ஒருவர் வாய் திறக்கிறார். அதுதானே மையம்?

வடகடல் | #12

கட்சிக்கு மையம். வாக்காளருக்கு அப்படியா என்பது வேறு கேள்வி. 1930 முதல் 1932 வரையான தேர்தல்களில் அதை எங்கே விற்குமோ அங்கே உரக்கச் சொன்னார்கள்: மாட்டுத் தரகில் யூதர்கள் இருந்த ஹெஸ்ஸன் கிராமங்களில், ஃபிராங்கோனியாவில். விற்காத இடத்தில் வரி, மார்க்சியம், கட்சிச் சண்டை என்று பேசினார்கள். இதனால் வாக்காளர் குற்றமற்றவர் என்று ஆகாது. என்ன சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே, அது நமக்குத் தடையில்லை என்று போட்டவர்கள் கோடிக்கு மேல்.

பேச்சாளர் பற்றியும் ஒரு வரி. ஒரு ஹிட்லரால் எல்லா ஊர் மேடைக்கும் போக முடியாது. ஃபிரிட்ஸ் ரைன்ஹார்ட் 1928-ல் தபால் வழிப் பேச்சாளர் பள்ளி தொடங்கினார். மாதிரிப் பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டும், எதிர்க்கட்சியார் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பித் திருத்தி வாங்க வேண்டும். 1933-க்குள் சுமார் 6,000 பேர் பயின்றார்கள். கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள், அந்தப் பணத்தில் அடுத்த கூட்டம். தேர்தல் முடிந்ததும் மற்றக் கட்சிகள் கடையைச் சாத்தும், இவர்கள் மறுவாரமே அடுத்த ஊரில் மேடை போடுவார்கள்.

தராசு | #13

சங்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பொதுப் புத்திக்கு நேர் எதிரானது. தனித்து விடப்பட்ட மனிதர்கள்தான் பாசிசத்துக்குப் போவார்கள் என்பார்கள். பாட்டுக் குழு, துப்பாக்கிச் சங்கம், உடற்பயிற்சிக் கழகம் அதிகம் இருந்த ஜெர்மன் ஊர்களில்தான் கட்சிச் சேர்க்கை வேகமாக நடந்தது. ஊர்ச் சங்கத்தில் செல்வாக்குள்ள பேக்கரிக்காரரோ பள்ளி ஆசிரியரோ சேர்ந்தால் பின்னாலேயே பத்துப் பேர். ஆனால் ஆட்சி நிலையாக இருந்த பிரஷ்யாவில் இந்தத் தொடர்பு மங்கலாக இருந்தது.

சந்தேகி | #14

விகிதாச்சாரத் தேர்தல் முறை இல்லாவிட்டால் இவர்கள் தலையெடுத்திருப்பார்களா? 60,000 வாக்குக்கு ஓர் இடம் என்று அள்ளிக் கொடுத்தார்களே.

ஏடுபுரட்டி | #15

1928-ல் 12 இடம் கிடைத்தது அதனால்தான். 1932-ல் கதை வேறு. 37.3 வாங்கி, அடுத்த கட்சி 21.6-ல் நிற்கும்போது நம் ஊர் மாதிரித் தொகுதிக்கு ஒருவர் என்ற முறை இருந்திருந்தால் 608-ல் 230 அல்ல, அறுதிப் பெரும்பான்மையே கிடைத்திருக்கக்கூடும். சுதந்திரமான தேர்தலில் அவர்களுக்குப் பாதி எப்போதும் கிடைக்கவில்லை. எதிரிகளைச் சிறையில் அடைத்துவிட்டு நடத்திய 1933 மார்ச்சிலும் 43.9 தான்.

இங்கேதான் ஆதரவுக்கும் ஆட்சிக்கும் நடுவில் உள்ள கதவு. 1932 நவம்பரில் கட்சி 20 லட்சம் வாக்கு இழந்து 33.1-க்கு இறங்கியது. இடதுசாரிகள் இருவரையும் கூட்டினால் அதைவிட அதிகம், ஆனால் அந்த இருவரும் ஒருவரையொருவர் முதல் எதிரி என்றார்கள். இறங்குமுகத்தில் இருந்தவரைத் தூக்கிவிட்டது 1933 ஜனவரி 4-ல் கொலோனில் வங்கியாளர் ஷ்ரோடர் வீட்டில் முன்னாள் பிரதமர் பாப்பன் ஹிட்லரோடு நடத்திய சந்திப்பும், நிலச் சங்கத்தார் ஹிண்டன்பர்க்கிடம் போய் முறையிட்டதும். அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். கறிவேப்பிலை மாதிரி பயன்படுத்தி ஒதுக்கிவிடலாம் என்று பாப்பன் நினைத்தார்.

மகிழம்பூ | #16

ரோமிலும் அதே கதவு. 1921-ல் பிரதமர் ஜொலித்தி தன் தேசியக் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதால்தான் பாசிஸ்டுகளுக்கு 35 இடம். 1922 அக்டோபர் 28-ல் கறுப்புச் சட்டையினர் ரோமை நோக்கிக் கிளம்பியபோது, அவர்களைத் தடுக்க ராணுவத்தை இறக்கும் முற்றுகைச் சட்டத்தில் கையெழுத்திட அரசர் மறுத்தார். முசோலினி படையோடு நடந்து வரவில்லை, மிலானிலிருந்து இரவு ரயிலில் வந்தார். பிரதமரானபின் நாடாளுமன்றத்தில் அவருக்குக் கிடைத்த நம்பிக்கை வாக்கு 306-க்கு 116.

தராசு | #17

கதவைச் சாத்தியவர்களும் உண்டு. பெல்ஜியத்தில் பாசிசச் சாயல் கொண்ட ரெக்ஸ் கட்சி 1936 மே மாதம் 11.5 விழுக்காடு, 21 இடம் வாங்கியது. 1937 ஏப்ரலில் பிரசல்ஸ் இடைத்தேர்தலில் அதன் தலைவர் டெக்ரெல் நின்றார். எதிரே பிரதமர் வான் சீலாண்ட், அவருக்குப் பின்னால் கத்தோலிக்கர், தாராளவாதிகள், சோசலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் எல்லாரும். கார்டினலும் வாக்குக்கு முன்பே டெக்ரெலைக் கண்டித்தார். 76 விழுக்காட்டுக்கு 19 என்று டெக்ரெல் தோற்றார். 1939-ல் ரெக்ஸுக்கு 4 இடம். பின்லாந்தில் தீவிர வலதுசாரிகள் நடத்திய 1932 மண்ட்சாலா கலகத்தை அடக்கியவர் வலதுசாரிக் குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுஃபுட்தான்.

வடகடல் | #18

தராசு, #9-க்கு ஒரு திருத்தம் இல்லாமல் விட முடியாது. டென்மார்க் நாஜிக் கட்சியின் தலைவர் ஃபிரிட்ஸ் கிளவுசன் எந்த ஊர் டாக்டர்? வடக்கு ஷ்லெஸ்விக்கின் போவ்ரூப். 1920-ல் டென்மார்க்கோடு சேர்ந்த அதே பகுதி. அந்தக் கட்சிக்கு நாட்டிலேயே அதிக வாக்கு விழுந்ததும் அங்கேதான். அங்கே இருந்த ஜெர்மன் சிறுபான்மையினர் தனியாகத் தங்கள் நாஜி அமைப்பை வைத்துக்கொண்டார்கள்.

தராசு | #19

உண்மை. எல்லை மாறியதால் அந்த விவசாயிகள் போருக்கு ஜெர்மானியரோடு இருந்துவிட்டு, கடன் மட்டும் டேனிஷ் குரோனரில் வாங்கினார்கள். விலை விழுந்தபோது கடன் சுமை மற்ற டேனிஷ் விவசாயியைவிட அவர்களுக்கு அதிகம், பழைய கூட்டுறவுப் பிடிப்பும் குறைவு. அதாவது மாகாணத்துக்குள்ளேயே ஏடுபுரட்டியின் கணக்கு ஒத்துவருகிறது. 51 எங்கே, 1.8 எங்கே என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கிறது. 1933 ஜனவரி ஒப்பந்தத்தில் கடன் நிவாரணப் பகுதியைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்த பதிவில் தொடருங்கள்.